இருவர் கையிலும் காப்பு

மணிமேகலைக்குத் தன் மகனுடைய முகம் மறந்துகொண்டு வந்தது. ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளையின் முகம் எப்படி மறக்கும் என்று யாராவது கேட்டால், வந்து பாருங்கள் என்பாள். வந்து பார்த்தால் தெரிவது உச்சந்தலை மட்டும்தான். அதில் இரட்டைச் சுழி. பிறந்தபோது அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு, இவன் இரண்டு பெண்டாட்டி கட்டுவான் என்று ஊரே கேலி பேசியது. இப்போது இவன் இருக்கிற இருப்புக்கு ஒருத்தி வந்து எதிரில் நின்றாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டானே என்று பெற்றவளுக்கு வயிறு எரிந்தது.

மாதவராஜ் என்று பெயர். மாது என்று கூப்பிடுவார்கள். ஒன்பதாவது முடித்திருந்தான். கோடை விடுமுறை விட்டது முதல் கூடத்து மூலையில் சுவரோடு சுவராகச் சாய்ந்து, மூக்கில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயப்படுகிற நெருக்கத்தில் போனை வைத்துக்கொண்டு கிடந்தான். தட்டில் வைத்தது களியா சோறா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய போன் அது. கொரோனா போயிற்று, வகுப்பு பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போயிற்று, போன் மட்டும் போக மாட்டேன் என்று பையன் கையிலேயே தங்கிவிட்டது.

அவளும் சும்மா இருக்கவில்லை. அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தாள். அவன் அரிசியைக் கிளறிக் கண்டுபிடித்தான். ரீசார்ஜ் செய்யாமல் விட்டாள். பக்கத்து வீட்டு வைபையில் ஒட்டிக்கொண்டான். பக்கத்து வீடு வேறு யாருமில்லை, கொழுந்தன் பெண்டாட்டி சசிகலாவின் வீடுதான். "பாஸ்வேர்டு ஏண்டி குடுத்தே?" என்று கேட்டால், "கொழந்த கேட்டுதுக்கா" என்பாள் அவள். புருஷன் சென்னப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வாரம் ஒருமுறை வந்து, "புடுங்கி எறிஞ்சிரு" என்று ஒற்றை வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு, கட்டிலில் மல்லாந்து தன் போனில் யாரோ எங்கோ கிணறு வெட்டுவதைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

இதில் அவளுக்கு வலித்தது படிப்போ மார்க்கோ இல்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. அடுப்படியில் நிலைப்படியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, யார் யாரை அடித்தான், எந்த சார் எப்படித் தும்முவார் என்று நடித்துக் காட்டுவான். அந்தப் பேச்சு எப்போது நின்றது என்றுகூட அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதை எப்படியாவது திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆவேசமாக இருந்தது. மனிதர்களிடம் பேசிப் பயனில்லை என்று ஆனபிறகு அவள் ஆத்தாளிடம் போனாள்.

சித்திரையில் மாரியம்மன் பண்டிகை. செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால், அடுத்த செவ்வாய் கரகம் இறங்கி அவிழ்க்கிறவரை விரதம். வீட்டில் கடுகு தாளிக்கக் கூடாது. இரவு வேறு ஊரில் தங்கக் கூடாது. வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் கிழங்கும் வேப்பிலையும் சேர்த்துக் கையில் கட்டிக்கொண்டு, குடிக்க மாட்டேன், பீடி தொட மாட்டேன் என்று ஆத்தாள் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னதை மீறினால், காப்பு அவிழ்க்கிற அன்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அடுத்த வருஷம் மறுபடி கட்டிக்கொள்ள வேண்டும். குடிகாரர்களே அந்த ஒரு வாரம் கடைப்பக்கம் போகாமல் கையைப் பிசைந்துகொண்டு திரிவார்கள். காப்புக்கு அவ்வளவு மரியாதை.

பூசாரி நஞ்சப்பன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சொறிந்தார்.

"போனுக்கா காப்பு? இதுவரைக்கும் யாரும் கட்டுனதில்லியேம்மா."

"சாராயத்துக்குக் கட்டறீங்க, பீடிக்குக் கட்டறீங்க. இது மட்டும் என்னாங்க கொறைச்சலு?"

"அதுவுஞ் செரிதான். நீட்டுடா கைய."

மாது மறுப்பான், ஓடுவான் என்று அவள் எதிர்பார்த்து அவன் சட்டைக் காலரைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அமைதியாகக் கையை நீட்டினான். முடிச்சு விழுந்ததும், வேறெங்கோ பார்த்தபடி, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னான்.

"எங்கம்மாவுக்கும் கட்டுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சசிகலாவின் சிரிப்பு கொஞ்சம் தூக்கலாகவே கேட்டது. மணிமேகலைக்குச் சுருக்கென்றது. "எனக்கென்னாத்துக்குடா? நான் என்னா நாள் பூராவும் போனுலியா கெடக்கறேன்?"

"அப்ப கட்டிக்கறதுக்கு என்னா?"

வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது மணிமேகலையின் பிறந்த வீட்டுச் சீதனம். விறைப்பாகக் கையை நீட்டினாள். நஞ்சப்பன் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் இரண்டு போனையும் அணைத்து, ஒரே மஞ்சள் துணியில் முடிந்து, சாமி மாடத்தில் விளக்குக்குப் பின்னால் வைத்தாள். ஒரு வாரம் என்ன, ஒரு வருஷம் இருந்து காட்டுவேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கை தானாக இடுப்புக்குப் போயிற்று. புடவைக் கொசுவத்தை ஒட்டி அவள் எப்போதும் போனைச் செருகி வைக்கிற இடம். அங்கே ஒன்றுமில்லை. பாத்திரம் கழுவும்போது போயிற்று, ஆட்டுக்குத் தழை போடும்போது போயிற்று. அடிக்காத போன் அடிப்பதுபோலக் காதில் கேட்டது. மொரப்பூரில் இருக்கிற அக்கா எழிலரசி தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவாள். நேற்று விட்ட சீரியலை இன்று துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். மகளிர் குழு வாட்ஸப்பில் யார் யாருக்கு எதற்குக் கைகூப்புப் படம் போட்டார்கள் என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் உள்ளே எதுவோ அரித்துக்கொண்டே இருந்தது.

பையன் பாடு இன்னும் மோசம். குட்டி போட்ட பூனைமாதிரி வீட்டுக்குள் சுற்றி வந்தான். குண்டானைத் திறந்து பார்த்தான், மூடினான். வாசலுக்குப் போனான், வந்தான். தரையில் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு விரலால் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தம் அவள் மண்டைக்குள் கேட்டது.

"டேய், நிறுத்தறியா?"

"வேற என்னா பண்றது?"

"போயி பசங்களோட வெளையாடு. வாலிபால் ஆடுவியே முன்னெல்லாம்."

"புடிக்கல."

"அதென்னா புடிக்கல? போன வருசம் வரைக்கும் அந்தக் கிரவுண்டே கதின்னு கெடந்தியே."

"புடிக்கலன்னா வுடேன்!" என்று கத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

தாளிப்பு இல்லாத குழம்பு ஒருபக்கம், போன் இல்லாத கை ஒருபக்கம். இரண்டு பேரும் எண்ணெய் காணாத வண்டிச் சக்கரமாட்டம் எதைத் தொட்டாலும் கிறீச்சிட்டார்கள். உப்பு அதிகம் என்றான். உனக்கு நாக்குச் செத்துவிட்டது என்றாள். வெயில் வேறு. மின்விசிறிக்குக் கீழே ஒரே பாயில் இருவரும் இரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார்கள். போனைப் பிடுங்கினால் பிள்ளை திரும்பி வந்துவிடுவான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். வந்தது பிள்ளை இல்லை, பிள்ளையின் கோபம் மட்டும்தான். இதற்குப் போனே தேவலையோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவரைக்காய் ஒரு மூட்டை சேர்ந்திருந்தது. மாரண்டஹள்ளிக்குக் கொண்டுபோக அவனையும் துணைக்கு இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். வெயிலுக்குப் புளியமரத்தடியில் மூட்டையோடு உட்கார்ந்துகொண்டு, "நீ முன்னாடி நின்னு பஸ்ஸு வந்தா கையக் காட்டு" என்று அவனை நிறுத்தினாள்.

தூரத்தில் ஒன்று வந்தது. மாது கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கையை நீட்டி ஆட்டினான். வந்து நின்றது ஓசூர் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வண்டி. ஜன்னல் முழுக்கப் பெண்கள். டிரைவர் எட்டிப்பார்த்து, "என்னா தம்பி, சேலை கட்டிக்கினு வந்தா வேலைக்குச் சேத்துக்கறேன்" என்றான். வண்டியே குலுங்கிச் சிரித்தது. அந்த வண்டி மறைத்து நின்ற நேரத்தில் பின்னால் வந்த டவுன் பஸ் நிற்காமல் ஒதுங்கிப் போய்விட்டது.

"போனு இல்லாம புத்தியும் பேதலிச்சுப் போச்சாடா ஒனக்கு? கம்பெனி வண்டிக்கும் பஸ்ஸுக்கும் வித்தியாசந் தெரியாதா?"

அவன் காது சிவந்துபோய் நின்றான். அடுத்த பஸ் வரும்வரை அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டுவதில் அன்று அவளுக்கு ஒரு ஆறுதல்கூட இருந்தது. கைக்கு வேலை இல்லாதபோது வாய்க்காவது வேலை வேண்டுமே.

சனிக்கிழமை அவளுக்குத் தாங்கமுடியவில்லை.

அக்கா மகளுக்கு நிறைமாசம். வலி எடுத்திருக்குமோ, பிறந்திருக்குமோ, என்ன குழந்தையோ. பக்கத்து வீட்டுக்குப் போய், சசி, உன் போனில் கொஞ்சம் கேட்டுச் சொல்லு என்றால் ஆயிற்று. ஆனால் அவளிடம் போய் நிற்பதா? தவிர, உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், காரணம் ஒன்று கிடைக்காதா என்று காத்திருந்தவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். மாதுவைத் தோட்டத்தில் மடை மாற்ற அனுப்பிவிட்டு, சாமி மாடத்தின் முன்னால் நின்றாள். ஆத்தாளை நேராகப் பார்க்காமல், விளக்கைப் பார்த்தபடி, "ஒரு நிமிசந்தான் தாயி, கொழந்த விசயம்" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தாள்.

வீட்டுக்குள் பார்க்கத் துணிவு வரவில்லை. கொல்லைப்பக்கம் போய் வைக்கோல்போருக்குப் பின்னால், வெயிலில் நின்றுகொண்டு போனைத் திறந்தாள். குடுகுடுவென்று வந்து விழுந்தது எல்லாம். அக்காவிடமிருந்து குழந்தைச் செய்தி ஒன்றும் இல்லை. காலை வணக்கம் மட்டும் வரிசையாக இருந்தது. சரி, பார்த்தாயிற்று, மூடிவிடவேண்டியதுதான். ஆனால் கட்டைவிரல் கேட்கவில்லை. அது தானாகத் தள்ளியது. ஒரு பெண் கத்திரிக்காயை நான்காகப் பிளந்து மசாலா அடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஒருத்தி மருமகளைத் திட்டினாள். அடுத்து ஒரு நாய் பாட்டுக்கு ஆடியது. தலையில் வெயில் சுட்டது. உடம்பில் ஐந்து நாளாக இருந்த அரிப்பெல்லாம் அடங்கி, ஒரு குளிர்ச்சி இறங்கியது. கையில் கட்டிய வேப்பிலை காய்ந்து, போன் உறையில் உரசிக்கொண்டிருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது நேர் எதிரே, தோட்டத்து வரப்பில், மாது நின்றுகொண்டிருந்தான். நடுவில் மறைப்பு ஒன்றுமில்லை. அவள் முகத்துக்கு முன்னால் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. சிவப்பு உறை போட்ட போன். பட்டப்பகல்.

செத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். இனி இவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானே. சசிகலா காதுக்குப் போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே.

மாது கண்ணை இடுக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். பார்த்துவிட்டுக் கேட்டான்.

"சித்தி, எங்கம்மாவப் பாத்தீங்களா?"

அவளுக்கு வாய் திறக்கவில்லை.

"தண்ணி நின்னு போச்சு, கரண்டு போயிருச்சாட்டம் இருக்குது. அம்மா வந்தா சொல்லிருங்க சித்தி" என்றான். திரும்பி வரப்பிலேயே நடந்து போனான்.

பண்டிகைக்கு ஊரில் பெண்கள் எல்லாரும் மஞ்சள் புடவை. சசிகலாவும் அவளும் ஒரே கடையில் எடுத்தது. இருந்தாலும் பெற்றவள் முகமுமா தெரியாது? நிழலில் இல்லை, வெயிலில் நிற்கிறாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். முகத்தை விடுங்கள், கையிலிருக்கிற போன்? ஐந்து நாளாக எதற்காகச் சுவரைப் பிராண்டினானோ அந்தப் போன், கண்ணெதிரில் வெயிலில் பளபளக்கிறது, அது தெரியவில்லை அவனுக்கு.

கம்பெனி வண்டி ஞாபகம் வந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. மூக்கில் ஒட்டுகிறமாதிரி போனை வைத்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்தது. பந்து. மேலே எழும்பி வருகிற பந்து அவன் கண்ணுக்கு எங்கே தெரியும்? மணிமேகலை வைக்கோலில் அப்படியே உட்கார்ந்தாள். மடியில் கிடந்த போனில் அந்த நாய் ஆடிக்கொண்டே இருந்தது.

போனைத் துணியில் முடிந்து வைத்துவிட்டு அவள் தோட்டத்துக்குப் போனபோது அவன் மடையோரத்தில் குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். வைக்கோல்போரிடம் நின்றது நான்தான் என்று சொல்லச் சொல்லி மனசு தள்ளியது. சொன்னால் கையில் என்ன என்ற கேள்வி வரும். அவள் வேறுபக்கமாக ஆரம்பித்தாள்.

"மாது, அன்னைக்கு அந்த வண்டி... ஒனக்கு போர்டு தெரியலியா?"

குச்சி நின்றது.

"சொல்லு சாமி. திட்ட மாட்டேன்."

"போர்டு எங்க தெரியும்? வண்டியே கிட்டக்க வந்தாத்தான் தெரியுது."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளாச்சு. கிளாஸ்லயும் தெரியாது. பக்கத்துப் பையன் நோட்டப் பாத்து எழுதுவேன்."

"ஏண்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பல மாதம் கழித்து அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவள் பார்த்தாள். மேலுதட்டில் மீசை அரும்பியிருந்தது. இது எப்போது?

"சொன்னேனே. ஆயுத பூசை லீவுல சொன்னேன். நீ போன்ல பெரியம்மாகிட்ட பேசிக்கினு இருந்த. 'ம்'முன்னு சொன்ன. அப்பறம் பொங்கலுக்கு ஒருக்கா சொன்னேன். அப்பவும் போனப் பாத்துக்கினே 'ம், பாக்கலாம்'ன. அப்பாகிட்ட சொன்னதுக்கு, போனப் பாத்தா கண்ணு அவிஞ்சுதான் போகும்னாரு. அதுக்கு மேல சொன்னா போனைப் புடுங்கிருவீங்க." குச்சியை வீசி எறிந்தான். "அது ஒண்ணுதான் எனக்கு நல்லாத் தெரியுது."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் எதிரில் அழுதால் அதையும் அவன்தான் சமாளிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றவே, குனிந்து வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அவன் சொன்னது எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. ஆனால் அந்த 'ம்' தன்னுடையதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதே 'ம்'மைப் போட்டுத்தான் புருஷனுக்கு, சசிகலாவுக்கு, பால்காரனுக்கு எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை பாலக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணைச் சோதித்த அம்மாள் சின்ன வயதுக்காரி. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு எழுத்துப் படிக்கச் சொன்னாள். முதலில் வெறும் கண்ணில் படிக்கச் சொன்னபோது, மேலே இருந்த பெரிய எழுத்தையே அவன் தடவித் தடவிச் சொன்னான்.

"எந்நேரமும் கிட்டக்கவே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு கெட்டுத்தான் போகும்" என்றாள் அந்த அம்மாள். "போனைக் குறைக்கணும். தினமும் கொஞ்ச நேரம் வெளியில வெளிச்சத்துல விடுங்க. அது சரி, இவ்வளவு தூரம் ஆகிற வரைக்கும் வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

மணிமேகலை கையில் கட்டியிருந்த காப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். ஆத்தாள் முன்னால் நிற்பதைவிட இது கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம்வரை காத்திருந்து கண்ணாடி வாங்கினார்கள். திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாது வாய் மூடவே இல்லை. உரக்கடை, நாட்டு மருந்து, செருப்பு ரிப்பேர் என்று கண்ணில் பட்ட போர்டையெல்லாம் சத்தமாகப் படித்தான். முன் சீட்டுக்காரர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார். "அம்மா, மலையில மரமெல்லாம் தனித்தனியா நிக்குதும்மா!" என்றான். அவள் 'ஆமாண்டா' என்று சொல்லப் போய், சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே வாங்கிவிட்ட சில்லறையைக் கண்டக்டரிடம் மறுபடி கேட்டாள்.

சந்தோஷப்பட வேண்டிய இரவு. அவளுக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்குக் காப்பு அவிழ்ப்பு. மீறினாயா என்று நஞ்சப்பன் கேட்பார். இல்லை என்றால் முடிந்தது. பார்த்தவன் ஒருத்தன்தான், அவனுக்கும் கண் தெரியவில்லை. ஊர் தெரியாது, சசிகலா தெரியாது. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவள், பிள்ளை மீறாமல் இருக்கும்போது தான் மீறினாள் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இனி போனை வை என்று அவனிடம் சொல்ல எந்த வாயிருக்கிறது? புரண்டு புரண்டு படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை கரகம் இறங்கிவிட்டது. பறை ஓய்ந்து, காப்புக் கட்டியவர்கள் கோயில் முன்னால் வரிசையாக நின்றார்கள். மாது புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு, அவளுக்கு எதிர்வரிசையில் ஆண்கள் பக்கம் நின்றான். அந்தப் பக்கம் தேங்காய்த் தட்டோடு போன சசிகலாவை நிறுத்தி அவன் கேட்டது இவளுக்கு நன்றாகக் கேட்டது.

"சித்தி, சனிக்கெழம தண்ணி நின்னுச்சுன்னு சொன்னேனே, அம்மாகிட்ட ஏன் சொல்லல? அம்மா வந்து கேக்கவே இல்லியே."

"எங்கிட்ட எப்படா சொன்னே? சனிக்கெழம நான் காலையிலியே எங்கம்மா வூட்டுக்குப் போயிட்டு சாயந்தரந்தானே வந்தேன்."

"வைக்கப்போராண்ட நின்னீங்களே, மஞ்சச் சேலையில?"

"நான் இல்லப்பா. ஒங்கம்மாவா இருக்கும்."

மாது மெதுவாகத் திரும்பினான். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கண்ணாடி வழியாக, நேராக அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது கண்ணை இடுக்கவில்லை. அவள் கண்ணிமை துடித்தது, உதடு காய்ந்தது எல்லாம் இனி அவனுக்கு அங்கிருந்தே தெரியும். மறைக்க ஒன்றுமில்லை.

நஞ்சப்பன் வந்து அவனுடைய முடிச்சை அவிழ்த்தார். "மீறுனியாடா?"

"இல்லீங்க."

"நல்லா இரு." இந்தப் பக்கம் வந்தார். "நீ மீறுனியாம்மா?" என்று கேட்டபடியே, பதிலுக்குக் காத்திராமல் முடிச்சில் கை வைத்தார். கேட்பது முறைக்காகத்தான்.

"மீறிட்டேங்க" என்றாள் மணிமேகலை.

அவர் கை நின்றது.

"சனிக்கெழம. வைக்கப்போருக்குப் பின்னாடி நின்னு போனு பாத்தேன். கொழந்தச் செய்தி பாக்கறேன்னு எடுத்தேன். அதப் பாத்தது அரை நிமிசம். மீதியெல்லாம் நாயி ஆடுனதப் பாத்துக்கினு நின்னேன்." பூசாரிக்குச் சொல்கிறமாதிரி இல்லாமல் எதிர்வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "எம்புள்ள எதுக்க வந்து, அம்மாவப் பாத்தீங்களான்னு எங்கிட்டியே கேட்டான். நாந்தாண்டா அம்மான்னு சொல்றதுக்கு வாய் வரல. கையில போனு இருந்துச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. சசிகலாகூட. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

நஞ்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முறைன்னா முறைதான்" என்று மஞ்சள் தண்ணீர்க் குடத்தைப் பார்த்தார். அதற்குள் மாது வரிசையை விட்டு வந்து குடத்தைத் தூக்கியிருந்தான். "நான் ஊத்தறேங்க" என்றான். அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தலையைக் குனிந்தாள்.

சொம்பால் மூன்று முறை ஊற்றுவதுதான் வழக்கம். அவன் குடத்தையே கவிழ்த்தான். மூச்சு முட்டிப்போய் அவள் முகத்தை வழித்துக்கொண்டு நிமிர்ந்தால், அவன் கண்ணாடியெல்லாம் மஞ்சள் துளி தெறிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். "நாயி ஆடுனத... நாயி ஆடுனதப் பாத்தியா?" என்று திணறினான். அப்புறம் கூட்டமும் சிரித்தது. அவளும் சிரித்தாள், அழுதாள். ஈரத்தில் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, புடவை மாற்றுவதற்கு முன்னாலேயே, சாமி மாடத்து முடிச்சை அவன் அவிழ்த்தான். அவனுடையதை எடுத்து உயிர்ப்பித்தான். அவளுடையதையும் உயிர்ப்பித்து அவள் ஈரக்கையில் வைத்தான். வைத்த மாத்திரத்தில் அது அதிர ஆரம்பித்தது. மொரப்பூர் அக்கா. படம் ஒன்று வந்து விழுந்தது. பச்சைக் குழந்தை, துணியில் சுற்றி. அவள் ஆசையாகப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மா, சாயந்தரம் கிரவுண்டுல பசங்க ஆடறாங்க..." என்று பின்னால் மாது ஆரம்பித்தான்.

"ம்" என்றாள்.

சொன்ன மறுகணமே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பினாள். அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சை நிறுத்திவிட்டிருந்தான். அவன் கண் தன் கையிலிருந்த போனுக்குக் குனியத் தொடங்கியிருந்தது.

அவள் போனைக் குப்புறக் கவிழ்த்து அரிசி டிரம்மின் மேல் வைத்தாள். அது அங்கேயே அதிர்ந்துகொண்டு நகர்ந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லு சாமி. நான் கேக்கல. மொதல்லேருந்து சொல்லு."

"ஒண்ணுமில்ல வுடு."

"சொல்லுடா."

அவன் கொஞ்சநேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொன்னான்.